தூங்காத கார்

"உண்மையைச் சொல்லு சின்னப்பன். ராத்திரி என் காருக்குள்ள ஏசி போட்டுப் படுக்கறியா, இல்லையா?"

நிகிலுக்குக் கோபம் வந்தால் முதலில் காணாமல் போவது 'நீங்க'தான். அதுவும் அப்பா வயதுக்காரரிடம்.

வாட்ச்மேன் சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ராத்திரில வண்டிக்குள்ள நா ஏறவே இல்ல சார்."

"அப்ப இது என்ன?" காரின் முன் சக்கரத்தோரம் சுருட்டி வைத்திருந்த போர்வையைக் காலால் தள்ளிக் காட்டினான் நிகில்.

சின்னப்பன் பார்வையைக் கேட் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பொழிச்சலூரில் அந்த அபார்ட்மென்டின் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, நிகில் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் காரை நிறுத்தும் இடத்துக்கு நேர் கீழே இருந்தது. தண்ணீர் லாரி வந்தால் காரை நகர்த்தியாக வேண்டும். சின்னப்பன் முன்பு வேன் ஓட்டியவர் என்பதால் ஒரு சாவி அவரிடமே இருந்தது. இன்று லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். கார் செத்துக் கிடக்கிறது. பன்னிரண்டு வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டாவது மாடியில் ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

நிகிலின் போனில் இந்த வாரம் மூன்றாவது முறையாக அதே எச்சரிக்கை. '12 வோல்ட் பேட்டரி மிகக் குறைவு. கன்ட்ரோல் சிஸ்டம் இயங்காது.'

"செக்யூரிட்டி ஏஜென்சிக்குச் சொல்லியாச்சு. பத்து மணிக்கு வேற ஆள் வரான். ரூமைக் காலி பண்ணிடுப்பா," என்றார் அசோசியேஷன் செயலாளர் சுந்தரராமன்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த ஒற்றை அறைதான் சின்னப்பனுக்கும் மனைவி பாப்பாவுக்கும் வீடு. வேலை போனால் அதுவும் போச்சு. கதவோரம் நின்ற பாப்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெக்கானிக் வந்து பார்த்துடட்டுமே," என்றாள் நிகிலின் மனைவி ஸஹானா.

பம்மலிலிருந்து மெக்கானிக் பரணி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். பானெட்டைத் திறந்து, கொண்டு வந்த பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ செருகி, கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினான்.

"பெரிய பேட்டரி எம்பது பர்சென்ட் கீது சார். ஆனா அத்த எழுப்பி வுட்றது இந்த சின்ன பேட்டரிதான். இது காலி."

"ராத்திரி பூரா ஏசி ஓடினா காலியாகாம?"

"இன்னா சார் சொல்றீங்க? ஏசி ஓடவே இல்ல. ராத்திரி ஒரு தபா கூட கதவே தொறக்கல. இங்க கீது பாருங்க."

சுந்தரராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கதவு திறந்த எண்ணிக்கை பூஜ்யம். நிகிலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆனா வண்டி தூங்கவே இல்ல சார். நாப்பது தபாக்கு மேல முழிச்சிக்கினு கீது. சாவிலாம் எங்க வெப்பீங்க?"

"என்னோடது மூணாவது மாடியில, அலமாரியில."

"இன்னொண்ணு?"

சின்னப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "எங்கிட்ட கீது தம்பி. வெல ஜாஸ்தி, கேட்டாண்ட சாவி போர்டுல மாட்டாதீங்க, உடம்போடயே வெச்சிக்கோங்கன்னு நிகில் சார்தான் சொன்னாரு."

பரணி சிரித்துவிட்டான். "அதான் மேட்டரு! இந்த சாவி கிட்ட வந்தாலே, ஓனர் வந்துட்டாருன்னு வண்டி முழிச்சிக்கும். உள்ள இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் ஆன் ஆயிடும். பக்கத்துலயே சாவி கொஞ்சம் அசைஞ்சா மறுபடியும் முழிச்சிக்கும். சின்ன பேட்டரி எவ்ளோ தாங்கும்?"

"சாவி ஒரு மாசமா இவர்கிட்டதானே இருக்கு? இந்த வாரம் மட்டும் ஏன்?" என்றாள் ஸஹானா.

எல்லோரும் அந்தப் போர்வையைப் பார்த்தார்கள்.

"ராத்திரில கேட்டு காவல வுட்டுட்டு இங்க வந்து படுத்தது தப்புதான் சார்," என்றார் சின்னப்பன், சுந்தரராமனிடம். "அத்த எப்டி என் வாயால சொல்றதுன்னுதான் கம்முனு இருந்தேன்."

"இங்க வந்து ஏன் படுத்தீங்கண்ணா?" என்று ஸஹானா கேட்டாள்.

"போன வாரம் மொத மாடி ஜோசலின் மேடம் கார்ல பெருச்சாளி பூந்து ஒயரெல்லாம் கடிச்சிட்ச்சில்ல? வண்டி எடுத்தாந்த அன்னிக்கு, 'அஞ்சு வருசமா ஆசப்பட்டு வாங்கனது, பாத்துக்கோங்கண்ணா'ன்னு நீங்க சொன்னீங்கம்மா. அதான்... பக்கத்துல படுத்துக்கினா, சத்தம் கேட்டதும் தட்டி வெரட்டலாம்ல."

சுந்தரராமன் அவசரமாகப் போனை எடுத்தார். "ஹலோ, ஆள் வேண்டாம்பா. எங்களுக்கு இருக்கறவரே போதும்."

பாப்பா முந்தானையை எடுத்து, அப்பாடா என்று மூச்சு விட்டாள். பரணி காரைப் பின்னுக்கு எடுக்க, சம்ப்புக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

நிகில் கீழே கிடந்த போர்வையை எடுத்து உதறி, மடித்து, சின்னப்பன் கையில் கொடுத்தான். "மன்னிச்சிடுங்கண்ணா. நான் பேசினது ரொம்பத் தப்பு."

"அட, வுடுங்க சார்!" என்ற சின்னப்பன், பரணி பக்கம் திரும்பிக் கவலையோடு கேட்டார்.

"தம்பி, இன்னிலேந்து சாவிய கேட்டாண்ட மாட்டிட்டு வந்து இங்க படுத்துக்கறேன். அப்ப வண்டி நல்லா தூங்கும்ல?"