தோளில் வைத்த கை

காவலர் பயிற்சிப் பள்ளியில் அன்று அடையாள அணிவகுப்புப் பாடம். தன் நிழலையே சந்தேகப்படும் ஆய்வாளர் துரைக்கண்ணு, சாட்சியாக நடிக்கச் சமையல்கட்டிலிருந்து மரகதத்தை அழைத்துவந்தார். "சிவப்புத் துண்டு போட்டவன்தான் திருடன். அவனைத் தொடணும், சரியா?" மரகதம் துண்டுக்காரனைத் தாண்டிப் போய், வரிசையின் கடைசியில் நின்ற பயிற்சிக் காவலன் லோகேஷின் தோளில் கை வைத்தாள். மைதானமே சிரித்தது.

"திருடன் அவன் இல்லம்மா."

"அது நடிக்கிற திருடன்னு தெரியுங்கய்யா." கையை அவள் எடுக்கவில்லை.

போன வருஷம் எவனோ சங்கிலியை அறுத்ததில் அவள் கழுத்தில் விழுந்த வடுவை எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. வரிசையில் நிற்பவன் வாய் திறக்கக்கூடாது என்பது துரைக்கண்ணுவே சொல்லித்தந்த பாடம்தான். ஆனாலும், 'நான் இல்லை' என்று லோகேஷ் இன்னும் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.