பச்சை எழுத்தில் வெற்றி

படக் கோப்பின் அளவு பூஜ்யம் என்று திரை காட்டியதும் நெலிதா மேசையில் ஓங்கிக் குத்தினாள்.

சுரங்க ஊர் மருத்துவமனையிலிருந்து ஒரு வருடமாக அவள் அனுப்பிய எக்ஸ்ரே படங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் தலைநகர் லா பாஸின் சர்வரில் வரிசையாகக் கிடந்தன. பெயர் இருந்தது, தேதி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை மறந்த கதை.

வாசலில் கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கியபடி இருமிக்கொண்டிருந்தார் தோன் சத்துர்னினோ. இருபத்தாறு வருடம் சுரங்கத் தூசி தின்ற நெஞ்சு. அது கெட்டுவிட்டதென்று தலைநகர் நிபுணர் எழுதினால்தான் ஓய்வூதியம். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி குழிக்குள்.

"ரெண்டு படம் அனுப்பியும் கம்பெனிக்காரன் பென்ஷன் இல்லைங்கறான், தாயி. நீ ஒழுங்கா அனுப்புனியா?"

அவர் அப்படிக் கேட்டதால்தான் இன்று சர்வரைத் திறந்தே பார்த்தாள்.

படம் அனுப்பும் நிரலை எழுதியவர் இஞ்சினியர் பெனராண்டா. இஞ்சினியர் என்று சேர்த்துக் கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார். திறப்பு விழாவில் ஊர் வழக்கப்படி கம்ப்யூட்டருக்குப் பீர் தெளித்து, வண்ணக் காகிதம் தூவி, பித்தளை வாத்தியம் முழங்க, 'தலைநகர் இனி நம் விரல் நுனியில்' என்று முக்கால் மணி நேரம் முழங்கியவர்.

போன் போட்டாள்.

"திரையில 'வெற்றி'ன்னு பச்சையா வந்துச்சா இல்லையா, மேடம்?"

"வந்துச்சு. படம்தான் போகல. உங்க வெற்றியை நெஞ்சுல தடவிக்கிட்டா இருமல் நிக்குமா, இஞ்சினியர்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

அவளே நிரலைத் திறந்தாள். கோப்பு அனுப்பும் எஃப்டிபி முறையில் பேச ஒரு வழி, சரக்குப் போக ஒரு வழி. மகானுபாவர் நிரலிடம் சரக்கு வழியைத் தப்பான பக்கத்திலிருந்து திறக்கச் சொல்லியிருந்தார். மருத்துவமனையின் ஃபயர்வால் அதை அடைத்துவிட்டது. பெயர் போனது, படம் போகவில்லை.

பிழை வந்தால்? அதற்கும் ஒரு வரி எழுதிவைத்திருந்தார்: 'வெற்றி' என்று காட்டு.

திட்டிக்கொண்டே ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். சத்துர்னினோவின் புதிய படம் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்தது. ஒன்பது மெகாபைட்.

அதே சர்வரில் பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர். நிபுணர் கம்பெனிக்கு நேராக எழுதும் அறிக்கைகள் அதில் விழும். அவளுக்கு அங்கே வேலை கிடையாது. படமே போகாதபோது அறிக்கை ஏது என்று அலட்சியமாகத் திறந்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றிலும் கையெழுத்து, முத்திரை.

ஒவ்வொன்றிலும் அதே வரி:

"படத்தைக் கவனமாக ஆராய்ந்தேன். நுரையீரல் சுத்தம். சுரங்கத்தில் இறங்கலாம்."