புது மெம்பருக்கு முருகன் படம்

“அண்ணே, இங்க வாங்க! பாஞ்சாலி அக்கா கையும் களவுமா மாட்டிக்கிச்சு!”

சி.டி. வாடகைக் கடை ஓனர் வேடியப்பண்ணன் டீ கிளாசோட ஓடியாந்தார்.

“இன்னா மூர்த்தி, பாம்பா?”

“அத விட மோசம்ண்ணே. கவர் முருகன் படம். உள்ள பாருங்க, சண்டப் பட சி.டி! புது மெம்பருக்கு மிஷின் ஒண்ணு சொல்லுது, கவுன்டர்ல அக்கா வேற ஒண்ண சொருவிக் குடுக்குது.”

மிஷின்னா என் மிஷின். நானும் காலேஜும் ரெண்டு வருஷம் சகிச்சிப் பாத்துட்டு பிரிஞ்சப்பறம், நானே எழுதின புரோகிராம். கம்ப்யூட்டர்ல மெம்பர் நம்பர அடிச்சா, அந்த ஆளுக்கு எந்தப் படம் புடிக்கும்னு சொல்லிடும். திருத்தணியில இருந்து பொதட்டூர்பேட்ட வரைக்கும் எந்தக் கடையிலயும் இது கெடையாது.

ஒரே சிக்கல். யார் யார் இன்னா படம் எடுத்தாங்கன்னு ஞாயித்துக்கெழமதான் ஏத்துவேன். நடுவுல சேர்ற புது ஆளப் பத்தி மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால, போன வாரம் ஊர்ல நெறைய பேர் எடுத்த படத்தையே அவங்களுக்கும் காட்டும்.

போன வாரம் ஆடிக் கிருத்திகை. எல்லாரும் எடுத்தது முருகன் படம்.

ஆனா பாருங்க, இந்த வாரம் சேந்த அஞ்சு பேரும் மறுநாளே வந்து, “மனச படிச்ச மாதிரி சொல்லுதுப்பா”ன்னு என் கைய குலுக்கிட்டுப் போனாங்க. அஞ்சுக்கு அஞ்சு! காலேஜ்ல எனக்கு எவனும் அப்பிடி மார்க் போட்டதில்ல.

“ஏம்மா, இன்னா இது?”ன்னார் அண்ணன்.

அக்கா தலைய குனிஞ்சிகினு, “கை மாறிப் போச்சுண்ணா”ன்னுச்சு.

“பொறாமண்ணே! மிஷின் வந்தா தன் வேல போயிடும்னு கெடுக்குது. அக்கா இருக்கட்டும், இல்லாட்டி மிஷின் இருக்கட்டும். நீங்களே சொல்லுங்க.”

அண்ணன் ஒரு வாய் டீ குடிச்சார்.

“வந்தவங்க அல்லாரும் மிஷினத்தான் புகழ்றாங்க. நாளையிலருந்து நீ வராதம்மா.”

“சரிங்கண்ணா.” அக்கா டிபன் பாக்ஸ எடுத்து கூடையில வெச்சிது.

அப்ப கோயில் மடப்பள்ளியில சமைக்கிற கணேஷ்ராம் உள்ள வந்தார். திங்கக்கெழம சேந்த புது மெம்பர். டிரங்குப் பொட்டி சைஸ் மானிட்டருக்குப் பின்னால இருந்த என்னை அவர் பாக்கல.

“பாஞ்சாலி, இன்னொரு சண்டப் படம் குடும்மா. நல்ல வேள, அன்னிக்கு என்கிட்ட கேட்டு மாத்திக் குடுத்த. நாள் பூரா முருகனுக்குத்தான் சமைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அவர் மூஞ்சியேன்னா எப்பிடி?”

அக்கா பதறிப்போயி கண்ணால ஜாட காட்டுச்சு. அவர் தப்பா புரிஞ்சிகினார்.

“ஆங், மறக்கலம்மா! மிஷின்தான் கரெக்டா சொல்லுச்சுன்னு அந்தப் பையன்கிட்ட இன்னிக்கும் சொல்லிட்டுதான் போவேன். ‘படிப்ப விட்ட புள்ள, இதுலயாவது நிமிரட்டும்’னு நீ அஞ்சு பேர்கிட்டயும் கெஞ்சினியே, அத மறப்பேனா?”

அன்னிக்கு சாயந்திரமே புரோகிராம மாத்திட்டேன். இப்ப புது நம்பர் அடிச்சா மிஷின் ஒரே ஒரு வரிதான் காட்டும்:

‘பாஞ்சாலி அக்காவக் கேளுங்க.’