பித்தக் குழாய்

ஹூஸ்டன் வக்கீல் அலுவலகத்தில் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க உட்கார்ந்த டாக்டர் ஹோல்கமுக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய பித்தப்பையை எடுக்கப் போன சர்ஜன் பித்தக் குழாயையே வெட்டிவிட்டான். ஆறு மாதமாக வயிற்றில் பித்தநீர் வடியும் பையைக் கட்டிக்கொண்டு அலைகிறார்; சர்ஜன் மேல் நஷ்டஈடு வழக்கும் போட்டிருக்கிறார்.

"கவனக்குறைவுதான்னு அடிச்சுச் சொல்றீங்களா?" என்றாள் சர்ஜன் தரப்பு வக்கீல் மார்லீன்.

"கண்ணு தெரிஞ்சவன் எவனும் வெட்டமாட்டான்!"

அவள் ஒரு பழைய வாக்குமூலத்தை எடுத்துப் படித்தாள். "'குழாய் வெட்டுப்படுறது சகஜம். சர்ஜன் மேல தப்பே இல்ல. நஷ்டஈடு கேக்குறது பேராசை.' வேற கேஸ்ல சர்ஜனுக்காக சாட்சி சொல்ல வந்த ஒரு நிபுணர் சொன்னது."

"காசுக்கு உளறுற மடப்பய! எவன் அவன்?"

மார்லீன், வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்பவளிடம் திரும்பினாள். "மடப்பய... பதிவாச்சா?"

"ஆச்சு."

"நீங்கதான், டாக்டர் ஹோல்கம். அஞ்சு வருஷம் முன்னாடி, டல்லாஸ்ல, இதே மாதிரி சத்தியம் பண்ணிட்டுச் சொன்னீங்க."