வயிற்று பெல்ட்

தொம்மலூர் வீட்டில், வயிற்றில் பெல்ட்டோடு படுத்திருந்த மருமகள் ஷோபாவைப் பார்த்ததும் சரளா வெடித்தாள்.

"தொப்பையைக் குறைக்க ஆபரேஷனா? வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டியாடி?"

ஷோபா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன்" என்றான் கிஷோர், நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தபடி.

"நீ எழுந்திரிக்காதடா. இவளுக்குச் சேவகம் பண்ணியே முகம் வெளிறிப்போச்சு உனக்கு."

மருமகள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சரளா கிளம்பிப் போனாள்.

ஆட்டோ சத்தம் தேய்ந்ததும் ஷோபா துள்ளி எழுந்தாள். நைட்டிமேல் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றிக் கணவனின் மடியில் வீசினாள்.

"மாட்டிக்குங்க. அம்மாகிட்ட சொல்ல வெக்கம்னுதானே என்னைப் படுக்க வெச்சீங்க? கூடச் சேர்ந்து திட்டவும் செய்றீங்க. உங்க வயித்துத் தையல் பிரிஞ்சா, அவங்களையே கூப்பிடுங்க."