ஐந்து கிலோமீட்டர்

ஆனையூர் லாரி ஷெட். அழகுபாண்டியின் லாரியில் வயர்லெஸ் செட்டுக்கு ஆன்டெனா பொருத்திய ஜெர்சன், கம்பி நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தான்.

"தள்ளி நில்லுங்கக்கா. ஆளு கிட்ட நின்னா முள்ளு ஏறுது."

வேண்டுமென்றே விரட்டுவதாகத் தோன்றியது அழகுபாண்டியின் மனைவி முனீஸ்வரிக்கு. "இதுல பேசுனா எம்புட்டு தூரம் கேக்கும்?"

"அஞ்சு கிலோமீட்டர்க்கா."

கணவன் பக்கம் திரும்பினாள். "புனே போற ஆளு, அஞ்சு கிலோமீட்டருக்குள்ள யாருகூடப் பேசப் போறீக?"

"நம்ம இன்னொரு லாரி பின்னாடியே வருதுல்ல, அதுல புது டிரைவரு" என்றான் அழகுபாண்டி.

விறுவிறுவென்று போய் அந்த லாரியில் ஏறிப் பார்த்தாள். அதிலும் ஒரு வயர்லெஸ் செட். டிரைவர் சீட் ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் தள்ளியிருந்தது.

"ஆம்பளைக்கு எதுக்கு சீட்டு இம்புட்டு முன்னால? குட்டையா எவளோ ஓட்டப் போறா. யாரு அவ?"

அழகுபாண்டி சாவியை நீட்டினான்.

"போன வருசம் ஹெவி லைசென்ஸ் எடுத்து, பீரோவுல வச்சுப் பூட்டுனாளே, அவதான்."

மறுநாள் காலை வாடிப்பட்டி தாண்டியதும் அவன் செட் கரகரத்தது.

"ஏங்க, கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. சொல்லு முனீசு."

"உங்க பக்கத்து சீட்டுல எவளும் இல்லைல்ல?"