விட்டுப் போவது

சூரியனுக்குள் இரண்டு புரோட்டான்கள் சேர்ந்து நிலைக்க வேண்டுமென்றால் அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாறியே ஆகவேண்டும். எது மாறுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? கல்லூரியில் இயற்பியல் நடத்தும் சியாமளா, மாணவர்கள் யாரும் இதுவரை கேட்காத இந்தக் கேள்வியோடு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணி கைப்பேசியைப் பொத்தியபடி படியேறி வந்தாள்.

“தரகர் லைன்ல இருக்கார். ஆயில்யம்னாலே மாமியாருக்கு ஆகாதுன்னு ஓடிடறாங்க. மாமியாரே இல்லாத வீட்டுக்கு நான் எங்கடி போறது? பொறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னா மகம் ஆயிடுமாம். தலையில தூக்கி வச்சுக்குவாங்க. இந்த இடமும் போச்சுன்னா இனிமே யாரு வரப்போறா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

சியாமளா ஈரக் கையை வெயிலில் நீட்டிப் பார்த்தாள். அப்படி மாறும் ஒவ்வொரு புரோட்டானிலிருந்தும் நியூட்ரினோ என்ற ஒரு நுண்துகள் கிளம்பிவிடுகிறது. சூரியனைத் துளைத்து, இந்த உள்ளங்கையையும் துளைத்து, எதிலும் ஒட்டாமல் தன்னந்தனியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சேர்ந்து நிற்கும் இரண்டும் அதைத் தேடுவதில்லை.

“அவ்வளவு வலியிலயும் அம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம் அண்ணி அது,” என்றாள். “அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”